ஒரு காரும் ஒரு நாற்காலியும்

பிரான்ஸ் தேசத்தில் கார் ஓட்டுவது ரொம்ப சுலபம். நம்ம ஊரில் கற்றுக்கொண்டதையெல்லாம் மறந்துவிட்டால் போதும்.

ஆபீஸ் வேலையாக என்னைத் துலூஸ் நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே இன்னொருவர், மதுரைக்காரர். எங்கள் இருவருக்கும் நடுவே ஆபீஸில் ஒரு மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலி ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் இரண்டு. விளைவு, ஆறு மாதமாக 'குட்மார்னிங்'குக்கு மேல் பேச்சு கிடையாது. அதுவும் 'சார்' போட்டு.

சனி, ஞாயிறு லீவு. "வாடகைக் கார் எடுத்துப் பாதிப் பாதி போட்டுக்கலாமா சார்?" என்றார். பகை வேறு, பர்ஸ் வேறு. வடக்கே தோர்தோஞ் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டோம்.

ஸ்டியரிங் இடப்பக்கம். கியர் போட இடது கையை நீட்டினால் கதவுப் பிடி வருகிறது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறது. சுள்ளென்று வெயில் காயும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்புகிற எங்களைப் பார்த்து, பின்னால் வந்தவர் என்ன நினைத்தாரோ!

மிஷலின் மேப்பில் சில ரோடுகளுக்குப் பக்கத்தில் பச்சைக்கோடு போட்டிருக்கும். கோடு இருந்தால் அந்த ரோடு கண்ணுக்கு அழகு என்று அர்த்தம். மிஷலின் டயர் கம்பெனிதான் என்றாலும், 1900-லேயே கார்காரர்களுக்கு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தவர்கள். ஜனங்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்!

பச்சைக்கோட்டைப் பிடித்துப் போனோம். வால்நட் தோப்பு, தேன் நிறக் கல்வீடு, மலைப்பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருக்கும் லா ரோக் கஜாக் கிராமம், கீழே சோம்பேறித்தனமாக ஓடும் ஆறு. ஊர் ஆரம்பத்தில் சிவப்புப் பார்டர் போட்ட பெயர்ப்பலகை. அதைப் பார்த்ததுமே வேகம் 50-க்கு இறங்க வேண்டும். ஊர் முடிந்ததும் அதே பெயரின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக்கோடு. "என்ன சார், ஊரையே அடிச்சுட்டாங்க?" என்றார் மதுரை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆறு மாதப் பகை என்ன ஆவது?

பெட்ரோல் பங்க்கில் ஆளே இல்லை. கார்டைச் செருகி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 'கஸோல்' என்று எழுதியிருந்தது. "கேஸோலின்தான் சார், பெட்ரோல்" என்று குழாயை உருவினார். உள்ளே நுழையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெரியவர் "நோ, நோ!" என்று ஓடி வந்து குழாயைப் பிடுங்கினார். கஸோல் என்றால் டீசலாம்! குழாய் பருமனாக இருந்ததால் எஞ்சின் பிழைத்தது.

பேனாக் என்ற ஊரில் பாறை உச்சியில் ஒரு கோட்டை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காஸ்டல்நோவில் இன்னொன்று. 1337-லிருந்து 1453 வரை நடந்த நூறு வருஷப் போரில் இது பிரெஞ்சுக்காரர் பக்கம், அது பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஆளுக்கொரு மலைமேல் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அந்த நாட்டில் ஒரு விதி உண்டு. வேறு பலகை எதுவும் இல்லாவிட்டால், வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. நாம் பெரிய ரோட்டில் போனாலும் சரி, அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து வந்தாலும் சரி. மஞ்சள் வைரம் மாதிரிப் பலகை இருந்தால் நம் ரோடு ராஜா. அதே வைரத்தைக் கறுப்புக்கோடு அடித்திருந்தால் ராஜ்யம் போச்சு.

அடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அண்ணே, வலது! வலது!"

பிரேக்கில் ஏறி நின்றேன். ஒரு டிராக்டர், வைக்கோல் உருளையோடு, எங்கள் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நிதானமாகக் கடந்து போனது. ஓட்டியவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் உரிமை, போகிறார்.

கை நடுங்கியது. சின்ன ஊர்ச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். எதிரே ஒரு கல்தூண். 1914-18 போரில் செத்தவர்களின் பெயர்கள். பிரான்சில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இப்படி ஒரு தூண் உண்டு. அந்தப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு சிப்பாய்கள் போனார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பது வீடுகூடத் தேறாத ஊர். தூணில் பதினேழு பெயர்கள். அதில் மூன்று பேருக்கு ஒரே குடும்பப் பெயர்.

"அண்ணன் தம்பிகளா இருக்குமோ?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவர் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால், சென்னையில் இரண்டு வீட்டுக்குப் போன் போயிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, அந்த நாற்காலியை நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

"சேச்சே, நீங்க எடுத்துக்குங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் இதே சண்டைதான்.

அந்த நாற்காலியில் இப்போது மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இருவரும் தினமும் ஒன்றாகப் போய் அவருக்கு 'குட்மார்னிங்' சொல்லிவிட்டு, ஒன்றாக டீ குடிக்கப் போகிறோம். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் மதுரை என் சட்டையைப் பிடித்து இழுப்பார்.

"அண்ணே, வலது!"