கணக்கு இடம் மாறலாம், தவணை மாறலாமா?

கொப்பியில் கணக்கெழுதிய காலத்தில், கடையை மாற்றினால் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனோம். இன்று எமது வியாபாரச் சகோதரர்கள் பலர் கணினியில் எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மென்பொருளை மாற்றும்போது கணக்கும் அப்படியே கூட வந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையால் ஒருமுறை தலைகுனிந்தவன் நான்.

வீட்டு வரவு செலவுக்கென வந்த ஒரு மென்பொருளில் கடையின் கடன் கணக்கையும் சேர்த்து எழுதி வந்தேன். ஓர் ஓகஸ்ட் மாதக் கடைசியில் வேறொன்றுக்கு மாறினேன். பழையதிலிருந்து கணக்கை ஒரு கோவையாக வெளியே எடுத்து, புதியதில் இட்டேன். இறுதி மீதியைப் பார்த்தேன். ஒரு சதமும் பிசகவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று பழையதை அழித்தும் விட்டேன்.

அடுத்த மாதம் தவணை கடந்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒரு வாடிக்கையாளரிடம் கடைப் பையனை அனுப்பினேன். மாலையில் அவரே சிட்டையுடன் வந்து நின்றார். "நாநா, ஓகஸ்ட் மூன்றாம் திகதி எடுத்த சாமான். மூன்று மாதத் தவணை தந்தது நீங்கள்தானே?" என்றார். சிட்டையில் 03/08 என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். கணினியோ அதை மார்ச் 8 என்று வாசித்திருந்தது.

நாம் நாளை முதலில் எழுதுகிறோம்; அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். இத்தகைய மென்பொருட்களுக்கிடையே கணக்கைக் கொண்டுசெல்லப் பெரிதும் பயன்பட்ட கியூ.ஐ.எப். என்ற கோவை, குயிக்கன் மென்பொருளோடு வந்தது. அது வெறும் எழுத்துக் கோவை. எது நாள், எது மாதம் என்று அதில் குறிப்பில்லை. ரூபாவா டொலரா என்றும் இல்லை. சி.எஸ்.வி. கோவையிலும் இதே குழப்பம் வரலாம். மாதத்தின் முதல் 12 நாட்களில் எழுதிய பதிவுகள்தான் இப்படி இடம் மாறும். தொகை மாறாததால் இறுதி மீதி சரியாகவே காட்டும். நான் ஏமாந்தது அங்கேதான்.

"கொப்பிக்கே திரும்பிவிடுவோம்" என்பார் சிலர். அது என் கருத்தல்ல. "மாறாமலே இருந்துவிடுவோம்" என்பதும் நடவாது. மைக்ரோசொப்ட் போன்ற பெரிய கம்பனியே தனது 'மணி' மென்பொருளின் விற்பனையை 2009 ஜூனில் நிறுத்தியது. மென்பொருள் அவர்களுடையது, கணக்கு எம்முடையது. ஆகவே புதிதாக ஒன்றை வாங்கும்போது, கணக்கை உள்ளே இடுவது எப்படி என்று கேட்பதற்கு முன், வெளியே எடுப்பது எப்படி என்று கேளுங்கள். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதும் ஓ.எப்.எக்ஸ். கோவையாக எடுக்க முடிந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

மாற்றும்போது முதலில் ஒரேயொரு கணக்கை மாற்றிப் பாருங்கள். இறுதி மீதி போதாது. ஒவ்வொரு மாத முடிவின் மீதியையும் ஒப்பிடுங்கள். கடன்காரர்களின் பட்டியலைச் சிட்டையோடு வைத்துப் பாருங்கள். கல்லாவிலிருந்து வங்கியில் இட்ட பணம் இரண்டு கணக்குகளிலிருந்தும் வந்து இரு தடவை பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். பழையதை ஒரு வருடமாவது அழிக்காதீர்கள். அச்சிட்ட பிரதியொன்றும் இருக்கட்டும். ஸகாத் கணக்குப் பார்க்கும் நாள் நெருங்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அந்த நாளில் கையிலுள்ள பணம் எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு என்பதில் திகதி பிழைத்தால் ஸகாத்தும் பிழைக்கும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சலிக்க வேண்டாம் என்பது அதன் கட்டளை. தொகை மட்டும் அல்ல, தவணையும் அமானிதம். அன்று நான் தொகையைக் காப்பாற்றினேன், தவணையைத் தவறவிட்டேன்.

அந்த வாடிக்கையாளர் என் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார், இன்றும் கடைக்கு வருகிறார். எல்லோரும் அப்படி வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.