முட்டத்துல போன ஒத்தைச் செருப்பு

தஞ்சாவூர்க்காரனுக்குக் கல்லுன்னா என்னன்னு தெரியுமா? பெரிய கோயில் இருக்கேன்னு சண்டைக்கு வராதீங்க. அந்தக் கல்லும் வெளியூர் சரக்குதான் பாஸ்! 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்ச 216 அடி விமானத்துக்கு நம்ம வண்டல் மண்ணுல ஒரு ஜல்லி கூட தேறியிருக்காது. மாங்கா அடிக்கக் கல்லு வேணும்னாலும் நாங்க ரயில்வே டிராக்குக்குத்தான் போவோம். கடலும் அப்படித்தான். மல்லிப்பட்டினம் போனா சேறு, முழங்கால் தண்ணி. அலையா? அது லீவுல இருக்கும்.

அதனால செமஸ்டர் முடிஞ்ச மறுநாளே, ஒரத்தநாட்டோட மாமா வண்டியை உஷார் பண்ணி முட்டத்துக்குக் கிளம்பிட்டோம். (ஹாஸ்டல்ல எல்லாருக்கும் ஊர்தான் பேரு. ஒரத்தநாடு, பேராவூரணி, பாபநாசம், நான்.) விடிகாலை நாலு மணிக்கு ஸ்டார்ட். திருமயம் கோட்டைப் பாறை கண்ணுல பட்டதுமே பேராவூரணி, "மாப்ள, மலைடா!"ன்னு கத்தினான். அவ்ளோதான் நம்ம அனுபவம். மதுரை, கோவில்பட்டில கடலை மிட்டாய், அப்புறம் முப்பந்தல் காத்தாடிகள். நாகர்கோவில்ல சாப்பிட்டு முட்டம் போய்ச் சேரும்போது மூணு மணி.

பாரதிராஜா 1981-ல 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த அதே முட்டம். உங்க அப்பா, அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, முகத்துல ஒரு வெக்கம் வரும். படத்துல பார்த்ததைவிட நேர்ல பயங்கரம். செம்மண் மேடு, கீழே யானைக்கூட்டம் படுத்த மாதிரி பாறைகள். ஒவ்வொரு அலையும் வந்து மோதி, வெள்ளையா எகிறி, இடுக்கு வழியா உறிஞ்சிட்டு இறங்குது. குமரிப் பக்கத்துப் பாறைகள்ல சார்னோகைட்னு ஒரு வகை நிறைய உண்டு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்ங்கிற வெள்ளைக்காரரோட கல்லறையில இருந்த கல்லை வெச்சு வந்த பேராம். வயசு? கோடிக்கணக்கான வருஷம். நம்ம அரியர்ஸ் எல்லாம் அது முன்னாடி ஜுஜுபி.

ஒரத்தநாடு நேரா கடைசிப் பாறைக்கு இறங்கிட்டான். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக் கையை விரிச்சு போஸ். மேல வலை பிரிச்சிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் சத்தம் போட்டார்.

"லேய் மக்கா, மேல ஏறி வா!"

"ஒரே போட்டோ ஐயா..."

"காலடியில பாறை நனைஞ்சிருக்கா இல்லையா? நனைஞ்சிருந்தா அது கடலுக்க இடம். ஏறு!"

முணுமுணுத்துக்கிட்டே ஏறி வந்தான். ரெண்டு நிமிஷம் இருக்கும். மத்த அலைங்க மாதிரியேதான் ஒண்ணு வந்துச்சு. ஆனா நிக்கலை. அவன் நின்ன பாறை மொத்தமா உள்ளே போய், வெளிய வந்துச்சு. ஒரு செருப்பு இருந்துச்சு. இன்னொண்ணைக் காணோம். யாரும் சிரிக்கலை.

காத்தே இல்லையே, எப்படின்னு கேட்டோம். காத்து இங்க இருக்கணும்னு அவசியமில்லையாம். தெற்கே இந்தியப் பெருங்கடலோட அடியில புயல் அடிச்சா, அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி சில நாள் கழிச்சு இங்க வந்து ஏறும். கேரளக் கரையில இதுக்குப் பேரு கள்ளக்கடல். திருடன் மாதிரி வருதில்ல! ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் மையம் முன்னாடியே எச்சரிக்கை கொடுக்குது. 2024 மே மாசம் அப்படி எச்சரிக்கை இருந்த நாள்லதான், இங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல கணபதிபுரம் லெமூர் பீச்சுல மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் போயிட்டாங்க. கல்யாணத்துக்கு வந்த பசங்க. நம்ம வயசு.

நமக்கு ஆத்துச் சுழல் தெரியும், மதகு தெரியும். இது தெரியாது. பெரியவர் சொன்ன மாதிரி கால் மணி நேரம் மேலேயே உக்காந்து எண்ணிப் பார்த்தோம். சின்னது, சின்னது, சின்னது... திடீர்னு மூணு பெரிசு. நனையாத, பாசி பிடிக்காத பாறையிலதான் அப்புறம் நின்னோம், கடலைப் பார்த்தபடி.

கிளம்பும்போது பெரியவர் எந்த ஊருன்னு கேட்டார். தஞ்சாவூர்னு சொன்னோம்.

"ஆத்துல தண்ணி விட்டாச்சா?"

"ஜூன் 12 ஐயா, மேட்டூர் திறந்தா."

தலையாட்டிட்டு வலைக்குத் திரும்பிட்டார். ஒத்தைச் செருப்பை ஏன் இன்னும் கையில வெச்சிருக்கேன்னு ஒரத்தநாட்டைக் கேட்டா பதில் இல்லை. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல 150 ரூபாய்க்குப் புதுசு வாங்கினான். பழசைத் தூக்கிப் போடலை. இப்பவும் ஹாஸ்டல் ரூம்ல, அவன் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு.