பொட்டி ஸ்லோவா? ஃபார்மேட் அடிக்கறதுக்கு முன்னாடி...

நம்ம ஊரில் கணினி மெதுவாக ஓடினால் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்". இரண்டு, "இது ரொம்பப் பழைய பொட்டி, புதுசு வாங்கிடுங்க". தி.நகரில் கேட்டாலும் சரி, அடையாறில் கேட்டாலும் சரி, இதே பதில்தான். இரண்டுமே பெரும்பாலான நேரங்களில் தப்பான தீர்ப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அந்தத் தலைமுறை வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தைய மடிக்கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை.

இது யாரை அடிக்கிறது என்று பாருங்கள். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வகுப்பிலேயே அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளியில் கிடைத்த அந்த மடிக்கணினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிராஜெக்ட் ரிப்போர்ட் அதில்தான், செமினார் ஸ்லைடு அதில்தான். "இது பழசு, தூக்கிப் போடு" என்று சொல்வது சுலபம். அதற்கு மாதத் தவணை கட்டப்போவது அந்த வீட்டு அப்பா.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மெதுவாக ஓடுவது ஒரு நோய். இயங்குதளம் காலாவதியானது வேறு நோய். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, இரண்டுக்கும் சேர்த்து "புதுசு வாங்கு" என்று ஒரே சீட்டு எழுதிவிடுகிறோம்.

முதல் நோயை எடுத்துக்கொள்வோம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-ல் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று காட்டும். எது நூறை ஒட்டி நிற்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

டிஸ்க் நூறில் நின்றால், குற்றவாளி பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். மடிக்கணினிகளில் பொதுவாக இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் வகை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. வேண்டிய தகவல் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு நூறு தடவைகூட அதனால் படிக்க முடியாது. இன்றைய இயங்குதளமோ திறக்கும்போதே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. பாவம், அது என்ன செய்யும்? அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால், அதில் சுழலும் பாகமே இல்லாததால் நொடிக்குப் பல ஆயிரம் தடவை படிக்கும். ஐந்து நிமிடம் எடுத்துத் திறந்த பொட்டி அரை நிமிடத்தில் திறப்பதைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்.

மெமரி நிரம்பி வழிந்தால் ராம் போதவில்லை. ஆரம்ப வருஷத்து அரசு மடிக்கணினிகளில் இருந்தது 2 ஜிபிதான். இன்றைக்கு உலாவியில் பத்துப் பக்கம் திறந்தாலே அது காலி. ராம் நிறைந்ததும் கணினி மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கும். அங்கே மறுபடி அந்த 11 மில்லிசெகண்டு சுற்று. அதனால்தான் இந்த இரண்டு கோளாறும் ஜோடியாகவே வரும்.

சிபியு சும்மா இருக்கும்போதும் நூறில் நின்றால், பின்னால் என்னவோ ஓடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ், இல்லையென்றால் உண்மையாகவே வைரஸ். சதவீதம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் மெதுவாக ஓடினால், அடியில் கையை வைத்துப் பாருங்கள், கொதிக்கிறதா? நம்ம ஊர் புழுதியும் மே மாத வெயிலும் சேர்ந்து விசிறியை அடைத்துவிடும். பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு வைத்தியம் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது. சாந்தோம், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. ராம் கம்பியின் தங்க முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டினாலே உயிர் பெற்ற கணினிகள் நிறைய.

இன்னொரு சின்ன விஷயம். தேதி தானாகவே பல வருஷம் பின்னால் போய், எந்த இணையதளமும் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணயம் சைஸ் பேட்டரி செத்துவிட்டது. பல மாடல்களில் அது சிஆர் 2032, வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். இதற்குப் போய் கணினியை மாற்றியவர்களும் உண்டு!

இப்போது சொல்லுங்கள், ஃபார்மேட் அடித்தால் இதில் எது சரியாகும்? தேவையில்லாமல் ஓடும் புரோகிராம்கள் போகும், அவ்வளவுதான். தூசி போகாது, ஹார்ட் டிஸ்க் வேகமாகச் சுற்றாது, ராம் குட்டி போடாது. ஒரு வாரம் பறக்கும். மூன்று மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி. நடுவில் உங்கள் போட்டோக்கள் காணாமல் போயிருக்கும். பல இடங்களில் போட்டுத் தருவது திருட்டு விண்டோஸ் வேறு. அதை "ஆக்டிவேட்" செய்யும் குட்டிக் கருவிகளோடு எது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று போட்டுக் கொடுப்பவருக்கே தெரியாது.

உதிரிபாகம் வாங்க ரிச்சி தெரு இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடந்துவிடலாம். போகும் முன் உங்கள் மாடல் நம்பர், ராம் வகை டிடிஆர் 3-ஆ டிடிஆர் 4-ஆ என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். எஸ்எஸ்டி, ராம் இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான். நோய் என்னவென்று தெரிந்து போகிறவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

இனி இரண்டாவது நோய். காலாவதியான இயங்குதளம் மெதுவாக ஓட வேண்டும் என்று அவசியமில்லை, ஜம்மென்று ஓடலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 2017 மே 12-ல் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கலாம். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கு ஆதரவு அப்போது முடியவில்லை, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். திருத்தம் வந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், திருத்தமே வராது என்று ஆகிவிட்ட கணினியில் நெட் பேங்கிங் செய்வது பற்றி என்ன சொல்ல?

வங்கிகளே இதில் அசட்டையாகத்தான் இருந்தன. எக்ஸ்பி ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பி, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களிலும் ஆதரவுள்ள இயங்குதளம் இருக்க வேண்டும் என்று கெடு வைக்க வேண்டியிருந்தது. நாலு வருஷம் கழித்து!

அதே 2014-ல் நம்ம ஊரில் வேறொன்று நடந்தது. அது பலருக்கு மறந்தே போய்விட்டது. எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றதும், தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அரசு அலுவலகக் கணினிகளில் பாஸ் லினக்ஸைப் போடச் சொல்லித் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அதாவது பொட்டியை மாற்றாதே, உள்ளே ஓடுவதை மாற்று. இந்த பாஸ் எங்கிருந்தோ வந்ததில்லை. தரமணி டைடல் பார்க்கில் அலுவலகம் வைத்திருந்த சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. அதே வாக்கில் நந்தனத்தில் இருக்கும் எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் சொந்த அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருஷம் மாதாமாதம் கூடி, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது. நந்தனம், அடையாறு, தரமணி. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் மருந்து இருந்தது. நாம்தான் ரங்கநாதன் தெருவில் புதுத்துணி எடுப்பது போலப் புதுக் கணினி எடுத்துக்கொண்டிருந்தோம் :-)

அப்புறம் ஏன் அது பரவவில்லை? இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. எனக்குத் தெரிந்து அதைத் திறந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் மாணவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பிரிண்டர் எப்படி இணைப்பது, தமிழில் எப்படித் தட்டுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். இயங்குதளத்தைக் கொடுத்தார்கள், அந்த ஆளைக் கொடுக்கவில்லை. இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. கணியம் மாதிரி தளங்கள் 2012-லிருந்து தமிழிலேயே விளக்கிக்கொண்டிருக்கின்றன. பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் நிறுவலாம். 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். 2 ஜிபி என்றால் லுபுன்டு போல இன்னும் இளைத்த ஒன்றைப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது.

லினக்ஸ் பக்தர்களோடு நான் முரண்படும் இடமும் உண்டு. எல்லாரையும் மாறச் சொல்வது நியாயமில்லை. டேலி, ஆட்டோகேட் வைத்துப் பிழைப்பவருக்கு விண்டோஸ்தான் வேண்டும். விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது அவகாசம்தான், தீர்வு இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளைப் பாருங்கள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்குப் பிறகு புதுப் பதிப்பே வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் எல்லாம் அதில்தான் திறக்கும். அவரிடம் போய் எக்ஸ்பியை எடு என்றால் எப்படி எடுப்பார்? அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இணைய ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். வலையில் இல்லாத பழைய கணினி ஒரு நல்ல தட்டச்சு இயந்திரம் மாதிரி. மெயில் பார்க்க வேறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கிப் போட வேண்டியதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பென்டியம் 4 காலத்துப் பொட்டிகளில் சில, பிராசசருக்கு மட்டுமே 115 வாட் வரை கேட்டவை. அதைக் கட்டி அழுவதில் அர்த்தமில்லை, மின்சாரக் கட்டணமே தின்றுவிடும். அப்போதும் காயலான் கடைக்குப் போட வேண்டாம், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ஆனால் பத்து வருஷ மடிக்கணினி அந்தக் கணக்கில் வராது. ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே உண்டாகிவிடுகிறது. இன்னும் நாலு வருஷம் அதை ஓட்டினால் பூமிக்கும் லாபம், அப்பாவின் பர்ஸுக்கும் லாபம்.

கடைசியாக, வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம சென்னையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை இல்லாத கல்லூரி அபூர்வம். சிம்போசியத்துக்கு பேனர் கட்டும் செலவில் பாதி போதும். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு லேப், நாலு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு பென் டிரைவ். ஜூனியர்களும் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் மடிக்கணினியைக் கொண்டு வரட்டும். 2011-ல் கொடுக்க மறந்த "பக்கத்தில் உட்காரும் ஆள்" நாமாக இருக்கலாமே. நாம் படிக்கிற படிப்புக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் கிடைக்காது.

என்ன சொல்றீங்க மக்களே?

டிஸ்கி: ஹார்ட் டிஸ்கில் "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். முதலில் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். மீதி எல்லாம் அப்புறம்.