வெற்றியினும் விழுமியது

உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு ஊக்கமும் ஒருங்கே அளிப்பது விளையாட்டு. அதனாலன்றோ கல்விக்கூடங்களில் அதற்கென ஓர் இடமும் ஒரு நேரமும் ஒதுக்கப்பெறுகின்றன! விளையாட்டில் சிறந்து விளங்கியோரின் வரலாறுகளை மாணவர் ஆர்வத்துடன் கேட்கின்றனர். அவர்தம் படங்களைத் தேடி எடுத்துப் போற்றி வைக்கின்றனர். இது நன்றே. ஆயினும், அவ்வீரரைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன், 'அவர் எத்தனை பதக்கம் பெற்றார்? எத்தனை வினாடியில் ஓடினார்?' என்னும் இரண்டு வினாக்களே முதலில் எழுகின்றன. அவற்றுக்கு விடை கிடைத்ததும் பேச்சும் முடிந்துவிடுகின்றது. ஒரு வீரரை அளப்பதற்கு இவ்விரண்டு கோல்கள் போதுமா? போதா என்பதே என் கருத்து.

'எச்சம்' என்பது தமிழில் உள்ள ஓர் அரிய சொல். ஒருவர் சென்ற பின்னர் எஞ்சி நிற்பது யாதோ அதுவே அவருடைய எச்சம். விளையாட்டு வீரர் உலகுக்கு விட்டுச் செல்லும் எச்சம் யாது? கடிகாரம் காட்டிய எண்ணா? கழுத்தில் விளங்கிய பதக்கமா? அன்றி, இவற்றினும் மேலான வேறொன்றா? ஓட்டத்தில் புகழ்பெற்ற மூவர் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதற்கண் எண்ணின் நிலைமையைக் காண்போம். ஒரு மைல் தொலைவை 4 நிமிடத்துக்குள் ஓடிக் கடப்பது மனிதரால் இயலுமா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவி வந்தது. 1954-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு நகரில், ராஜர் பானிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் அத்தொலைவை 3 நிமிடம் 59.4 வினாடியில் கடந்து அவ்வையத்தைத் தீர்த்தார். உலகம் வியந்தது. அவ்வியப்பு அடங்குமுன்னரே, 46 நாள் கழித்து, ஆஸ்திரேலியரான ஜான் லாண்டி பின்லாந்து நாட்டின் டுர்க்கு நகரில் அதே தொலைவை 3 நிமிடம் 58 வினாடியில் ஓடி முடித்தார். லாண்டியின் சாதனையும் 1957-ஆம் ஆண்டில் வீழ்ந்தது. 1999-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டு வீரர் ஹிஷாம் எல் கெரூஜ் ஒரு மைலை 3 நிமிடம் 43.13 வினாடியில் ஓடினார். ஒருவர் நட்ட கொடியை மற்றொருவர் பிடுங்கி அப்பால் நடுவதே சாதனையின் இயல்பு. அங்ஙனமாயின், எண் ஒன்றையே எச்சமாகக் கொண்ட வீரர் தம் வாழ்நாளிலேயே அதனை இழந்து விடுவார் அல்லரோ?

லாண்டியின் எண் மறைந்தது, லாண்டி மறக்கப்படவில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சி 1956-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் மெல்போர்ன் நகரில் நடைபெற்றது. அன்று ஆஸ்திரேலிய நாட்டுப் போட்டியின் ஒரு மைல் ஓட்டம். லாண்டி தம் சாதனையைத் தாமே முறியடிப்பார் என்று மக்கள் பெரிதும் எதிர்பார்த்துத் திரண்டிருந்தனர். ஓட்டக்காரருள் ரான் கிளார்க் என்னும் 19 வயது இளைஞரும் ஒருவர். இளையோர்க்குரிய மைல் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்தவர் அவர். மூன்றாம் சுற்றில் கிளார்க்கின் குதிகாலில் பின்வந்தவர் கால் இடறவே, அவர் நிலைகுலைந்து விழுந்தார். அவரை அடுத்து ஓடி வந்த லாண்டி, அவரை மிதித்துவிடாதபடி தாவினார். எனினும் லாண்டியின் காலணி முள் கிளார்க்கின்மீது பட்டுக் கீறியது.

அந்நொடியில் லாண்டி செய்தது யாது? ஓட்டத்தை நிறுத்தினார், வந்த வழியே திரும்பினார், விழுந்து கிடந்தவரிடம் சென்று, அடிபட்டதோ என்று வினவி, வருத்தம் தெரிவித்தார். தமக்கு ஒன்றுமில்லை என்றும், நில்லாமல் ஓடுக என்றும் கிளார்க் கூறிய பின்னரே மீண்டும் ஓடத் தொடங்கினார். அதற்குள் ஏனையோர் நெடுந்தொலைவு சென்றுவிட்டனர். ஆயினும் லாண்டி அவர்களை ஒவ்வொருவராகப் பின்தள்ளி, 4 நிமிடம் 4.2 வினாடியில் முதல்வராக வந்தார். உலகச் சாதனை கிட்டவில்லை. ஆனால் அதனினும் பெரிய ஒன்றைத் தாம் கண்டதாகக் கூடியிருந்தோர் உணர்ந்தனர். லாண்டி கிளார்க்குக்குக் கைகொடுக்கும் காட்சி மெல்போர்ன் நகரில் வெண்கலச் சிலையாக விளங்குகின்றது. அவர் சாதனை படைத்த காட்சியைச் சிலையாக்காமல், சாதனையை விட்டுக்கொடுத்த காட்சியை அந்நகரத்தார் சிலையாக்கியது எண்ணத்தக்கது.

இது தற்செயலாய்த் தோன்றிய நற்செயல் அன்று. அவருடைய இயல்பிலேயே ஊறிய பண்பு. 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கானடா நாட்டு வான்கூவர் நகரில் பானிஸ்டரும் லாண்டியும் நேருக்கு நேர் மோதினர். இருவரும் 4 நிமிடத்துக்குள் ஓடினர். இறுதி வளைவில் லாண்டி இடப்புறம் திரும்பிப் பார்க்க, அக்கணமே பானிஸ்டர் வலப்புறமாக முந்திச் சென்று வென்றார். போட்டிக்கு முன்னர் லாண்டியின் பாதத்தில் வெட்டுக்காயம் ஏற்பட்டிருந்தது. அதனை அவர் தம் தோல்விக்குக் காரணமாக எடுத்துரைக்கவில்லை. தோல்விக்குச் சாக்குத் தேடாதவரே, தோழனுக்காக வெற்றியைத் துறக்கவும் துணிவர்.

இனி, அன்று விழுந்தெழுந்த இளைஞரின் வரலாற்றைப் பார்ப்போம். அதே 1956-ஆம் ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. வீரர் அனைவரின் சார்பாகவும் உறுதிமொழி கூறியவர் லாண்டி. விழாச் சுடரை ஏற்றி வைத்தவர் கிளார்க். பின்னாளில் கிளார்க் நெடுந்தொலைவு ஓட்டத்தில் இணையற்றவராய்த் திகழ்ந்தார். 1965-ஆம் ஆண்டு ஆஸ்லோ நகரில் 10,000 மீட்டர் தொலைவை 27 நிமிடம் 39.4 வினாடியில் ஓடி, 28 நிமிட எல்லையைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். அவர் படைத்த உலகச் சாதனைகள் 17. ஆயினும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் மட்டும் அவர் கைக்கு எட்டவே இல்லை. 1964-ஆம் ஆண்டு டோக்கியோவில் வெண்கலப் பதக்கமே கிட்டியது. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், காற்றுச் செறிவு குறைந்த சூழலில் ஓடி, 10,000 மீட்டர் ஓட்டத்தில் ஆறாமவராய் எல்லையை அடைந்து மயங்கி விழுந்தார். பதக்கத்தையே அளவுகோலாகக் கொள்வோர், இத்தகைய வீரரை எவ்வரிசையில் வைப்பர்?

அவ்வினாவுக்கு விடை அளித்தவர் மூன்றாமவர். செக்கோஸ்லோவாக்கிய நாட்டு எமில் சாட்டோபெக். காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து வந்த அவ்விளைஞர் ஓட்டத்தை நாடிச் சென்றவர் அல்லர். தொழிற்சாலையார் வற்புறுத்தியதால் முதன்முதலில் ஓடியவர். பின்னர்ப் படைவீரராய்ச் சேர்ந்து, கனத்த காலணியுடனும் ஓடிப் பயின்றார். 400 மீட்டர் தொலைவை விரைந்தோடி, சிறிதே தளர்ந்தோடி, மீண்டும் விரைந்தோடுவது அவர் கையாண்ட முறை. ஒரே நாளில் பல பத்து முறை இவ்வாறு ஓடுவார். அவருடைய ஓட்டம் காண்பதற்கு அழகுடையதன்று. முகம் சுளித்திருக்கும், தலை ஒருபுறம் சாயும், தோள் குலுங்கும். ஆயினும் 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில், எட்டு நாள்களுக்குள் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் அவரே தங்கப் பதக்கம் வென்றார். மாரத்தான் ஓட்டத்தை அவர் ஓடியது அதுவே முதல்முறை என்பது வியப்பினும் வியப்பு.

1966-ஆம் ஆண்டில் கிளார்க் பிராக் நகருக்குச் சென்று போட்டியில் கலந்து கொண்டார். சாட்டோபெக் அவரை அன்புடன் வரவேற்றுப் போற்றினார். விடைபெறும் வேளையில் சிறு பொட்டலம் ஒன்றைக் கிளார்க்கின் கையில் வைத்தார். பின்னர் அதனைப் பிரித்துப் பார்த்த கிளார்க் திகைத்துப் போனார். 1952-ஆம் ஆண்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் சாட்டோபெக் வென்ற தங்கப் பதக்கம் அதனுள் இருந்தது! நட்பின் பொருட்டு அன்று, அதற்குரிய தகுதி பற்றியே அதனைத் தருவதாகச் சாட்டோபெக் கருதினார்.

இக்கொடையின் அருமையை எண்ணிப் பார்மின். ஒலிம்பிக் பதக்கம் கடையில் விலைக்குக் கிடைப்பதன்று. பல்லாண்டு உழைப்பின் விளைவு அது. அதனை உரிமையுடன் பேழையில் வைத்துப் பாதுகாத்தால் குறைகூறுவார் எவரும் இலர். அதனையே ஒருவர் எடுத்து, தம் சாதனையைக் கடந்து சென்ற மற்றொருவருக்கு வழங்கினார். 10,000 மீட்டர் ஓட்டத்தில் 29 நிமிட எல்லையை 1954-ஆம் ஆண்டில் முதன்முதலில் தாண்டியவர் சாட்டோபெக். 28 நிமிட எல்லையைத் தாண்டியவர் கிளார்க். தம்மை விஞ்சியவர்மீது அழுக்காறு கொள்வது உலக இயல்பு. அவரையே சிறப்பித்து மகிழ்வது சான்றோர் இயல்பு. 1968-ஆம் ஆண்டில் அயல்நாட்டுப் படைகள் தம் நாட்டில் புகுந்ததைச் சாட்டோபெக் எதிர்த்தார். அதனால் படையில் வகித்த பதவியை இழந்து, சில ஆண்டுகள் கடின உடலுழைப்பு வேலை செய்து வாழ்ந்தார். அவரிடம் இருந்தவற்றைப் பிறரால் பறிக்க முடிந்தது. அவர் கொடுத்ததை எவராலும் பறிக்க முடியவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். 'போட்டி என்பது வெல்வதற்கே உரியது. விழுந்தவரைத் தூக்குவதற்கு வேறு ஆட்கள் உளர். எல்லோரும் நின்று நின்று உதவினால் போட்டி எங்ஙனம் நடைபெறும்? மேலும், லாண்டியும் சாட்டோபெக்கும் வென்றவர்கள் ஆதலின் அன்றோ அவர்களுடைய பண்பும் பேசப்படுகின்றது?' என்று சிலர் வினவுவர். இவ்வினாவைப் புறக்கணித்தல் ஆகாது. வெல்ல வேண்டும் என்னும் வேட்கை இல்லாத ஓட்டம் ஓட்டமே அன்று. முயலாமல் தோற்றுவிட்டு, 'நான் பெருந்தன்மையால் விட்டுக்கொடுத்தேன்' என்பது சோம்பலுக்குப் போடும் போர்வை. லாண்டி நின்றது பெரிது. நின்றபின் சோராமல் ஓடி வென்றதும் பெரிது. சாட்டோபெக்கின் கொடை உயர்ந்தது, அவர் அரிதின் முயன்று பெற்ற பொருளைக் கொடுத்தமையால். கையில் ஒன்றும் இல்லாதவன் துறவு துறவாகுமா? ஆகவே, வெற்றியை இகழுமாறு யான் கூறவில்லை. வெற்றியைத் தேடும்போதே, அதனினும் விழுமியது ஒன்று உண்டு என்பதை மறவாதிருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றேன்.

அதனை மறந்தவர் நிலை யாதாயிற்று? 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் விழாவில், கானடா நாட்டு பென் ஜான்சன் 100 மீட்டர் தொலைவை 9.79 வினாடியில் ஓடினார். அரங்கமே ஆர்ப்பரித்தது. விலக்கப்பட்ட ஊக்க மருந்தை அவர் உட்கொண்டிருந்தமை சோதனையில் வெளிப்படவே, மூன்று நாளில் அவர் பதக்கம் பறிக்கப்பட்டது. அவ்வெண்ணும் ஏட்டினின்று நீக்கப்பட்டது. எவரினும் விரைவாக ஓடிய கால்கள் அவருக்கு எஞ்ச வைத்தது பழியையே. இவரையும் ஒலிம்பிக் தங்கமே பெறாத கிளார்க்கையும் ஒருங்கு நிறுத்திப் பார்ப்போர்க்கு, எது உண்மையான எச்சம் என்பது தெற்றென விளங்கும்.

சாட்டோபெக் 2000-ஆம் ஆண்டிலும், கிளார்க் 2015-ஆம் ஆண்டிலும், லாண்டி 2022-ஆம் ஆண்டிலும் இவ்வுலக வாழ்வை நீத்தனர். அவர்கள் ஓடிய நேரங்களைப் பிற்காலத்தார் கடந்து விட்டனர். அவர்களுடைய பண்பைக் கடக்க முயல்வது இனிவரும் ஓட்டக்காரர் கடமை.

மாணாக்கர்களே! இலக்கணத்திலும் எச்சம் உண்டு என்பதை நீவிர் கற்றிருப்பீர். 'ஓடி' என்று சொல்லி நிறுத்தினால் பொருள் நிரம்புவதில்லை. அதனை முடித்துவைக்க மற்றொரு சொல் வருதல் வேண்டும். பெரியோர் விட்டுச் சென்ற எச்சமும் அத்தன்மையதே. பின்வருவோர் செயல் வந்து சேர்ந்தால்தான் அது நிரம்பும். உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஊக்கத்துடன் ஓடுங்கள், வெல்வதற்கே ஓடுங்கள். அருகில் ஓடுபவன் இடறி விழுந்தால் நகையாதீர், கைகொடுத்துத் தூக்குங்கள். தோற்றால் காரணம் தேடாதீர். வென்றவனைத் தேடிச் சென்று வாழ்த்துங்கள். நேற்று நீங்கள் வகித்த முதலிடத்தை இன்று இளையவன் ஒருவன் பெற்றால், அவன் தோளைத் தட்டிக் கொடுங்கள். பரிசுக் கோப்பை ஒருநாள் கறுத்துப் போகும். பரிசளித்த நாளும் மறந்துபோகும். விழுந்தபோது தன்னைத் தூக்கிவிட்ட கையை மட்டும் ஒருவன் தன் வாழ்நாள் முழுதும் மறவான்.