விட்டு விட்டு மாத்திரை: லைம் நோயும் எஞ்சினியர் புத்தியும்

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டிருந்த பதிவு. போன வாரம் ரூம்மேட்டோட சண்டை வந்துச்சு. அதான் தூசி தட்டிட்டேன்.

இருக்கிறது கனெக்டிகட்ல. 1975ல லைம்ங்கிற ஊர்ல நிறைய குழந்தைகளுக்கு மூட்டு வீங்கினதால ஒரு வியாதிக்கே அந்த ஊர் பேரை வெச்சாங்களே, அதே மாநிலம். மானை ஒட்டித் திரியற குட்டி உண்ணி கடிச்சா பொரேலியாங்கிற பாக்டீரியா உள்ளே போகும். நம்மாளு போன வருஷம் மலையேறப் போய் கடி வாங்கிட்டு வந்தான். தொடையில பெரிய சிவப்பு வட்டம். 10 நாள் டாக்சிசைக்ளின். வட்டம் போச்சு, அசதி போகல. எட்டு மாசமா படி ஏறினா மூச்சு வாங்குது. டெஸ்ட் எல்லாம் நார்மல். "மன உளைச்சலா இருக்கும்"னு ஒரு டாக்டர் சொல்லிட்டார்.

இப்ப ஒரு தனியார் கிளினிக்ல, மூணு நாள் மாத்திரை, நாலு நாள் ஓய்வு, இப்படியே மாசக்கணக்கா போகணும்னு சொல்றாங்களாம். இன்ஷூரன்ஸ் கிடையாது, கையில காசு.

சும்மா சொல்லக்கூடாது, தியரி அழகு. 1944லயே அயர்லாந்துக்காரர் ஜோசப் பிக்கர் கவனிச்சது: பென்சிலின் போட்டாலும் பத்து லட்சத்துல ஒரு கிருமி மாதிரி தப்பிச்சுடுது. மருந்தை எதிர்க்கப் பழகினதால இல்லை, தூங்கறதால. மருந்தை நிறுத்தினா எழுந்திருக்கும், அப்ப மறுபடி அடிக்கலாம்னு யோசிச்சார். 2015ல பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல கிம் லூயிஸ் குழு பொரேலியாவை செஃப்ட்ரையாக்ஸோனால விட்டு விட்டு அடிச்சு, தூங்கின கிருமிகளையும் ஒழிச்சுக் காட்டினாங்க.

படிச்சதும் எனக்கே கை பரபரத்துச்சு. ரீட்ரை லாஜிக் மாதிரியே இருக்கில்ல?

ஆனா அது சோதனைக்குழாய் மக்களே. அங்கே மருந்தைக் கழுவி எடுத்துடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை மிச்சம்னு எண்ணலாம். உடம்புல டாக்சிசைக்ளின் பாதியா குறையவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். கிருமி எப்ப எழுந்திருக்குதுன்னு யார் சொல்றது? முதல்ல, உள்ளே உயிரோட கிருமி மிச்சம் இருக்கான்னே சொல்ல டெஸ்ட் இல்லை. ஆன்டிபாடி டெஸ்ட் குணமான பிறகும் வருஷக்கணக்கா பாசிட்டிவ் காட்டலாம். லாக் ஃபைலே இல்லாம ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கிற வேலை இது.

விடாம நீட்டிக் கொடுத்தும் பார்த்தாச்சு. 2001ல 129 பேர்: 30 நாள் ஊசி, 60 நாள் மாத்திரை. 2016ல நெதர்லாந்துல 280 பேர், கூடுதலா 12 வாரம். ரெண்டுலயும் டம்மி மாத்திரையை விட உருப்படியா எதுவும் இல்லை.

"அதெல்லாம் தொடர்ச்சியா கொடுத்தது, விட்டு விட்டு இல்லையே"ன்னு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனா சோதிக்காத ஒண்ணு, நிரூபிச்ச ஒண்ணு ஆயிடாது. அதை முறையான ஆய்வுல சோதிக்கட்டும், நானே கை தட்டுறேன். கிளினிக் பில்லுல சோதிக்கக் கூடாது. 2017ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நாள்பட்ட லைம்னு சிகிச்சை எடுத்து கடுமையான தொற்றுல மாட்டின அஞ்சு பேர் கதையை வெளியிட்டுச்சு. உயிரே போனதும் உண்டு. ஊசிக்குன்னு ரத்தக்குழாய்ல மாசக்கணக்கா வெச்ச குழாய், கெட்டுப்போன குடல், இதுதான் அங்கே வில்லன்.

எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு கிளினிக் நடத்தறவங்க மேல கோபம் வருது. அதே அளவு கோபம் "மனசுதான்"னு சொல்லி அனுப்பின டாக்டர் மேலயும். சிகிச்சைக்கப்புறமும் நூத்துல அஞ்சு பத்து பேருக்கு அசதியும் வலியும் நீடிக்கிறது உண்மை. "உன் வலி நிஜம், காரணம் இன்னும் பிடிபடல"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா இவன் அங்கே போயிருக்கவே மாட்டான்.

இதையெல்லாம் சொன்னேன். "உனக்கு வலிக்கலையே"ன்னு கதவைச் சாத்திட்டான். பதில் இல்லை என்கிட்ட. நேத்துதான் கதவைத் திறந்து, வேற ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கலாம், நீயும் வான்னான். செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட். லீவு போட்டாச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு தட்டுறவன். டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து திருத்துங்க, கும்மினாலும் சரி :-)