லோத்து பார்த்த சமபூமியும் நாம் வாங்கும் மனையும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 13:5–13



நம் சபைக் குடும்பங்களில் பலர் இந்நாட்களில் சொந்த வீட்டுக்காக இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். 2025 ஜூலை 26 அன்று வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்த பத்து நாட்களுக்குள், ஆகஸ்ட் 4 அன்று, சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை தொடங்கிவைக்கப்பட்டது. கோரம்பள்ளம், புதுக்கோட்டை, மாப்பிள்ளையூரணி, சங்கரப்பேரி, முள்ளக்காடு என்று நகரைச் சுற்றி எத்திசையில் சென்றாலும் வண்ணக் கொடிகளும் வெள்ளையடித்த எல்லைக்கற்களும் கண்ணில் படுகின்றன. "ஐயா, பிள்ளைகளை வைத்து வாழ எந்த ஏரியா நல்லது? ஜெபித்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள்.

ஜெபிக்கிறேன். ஆனால் எந்த ஏரியா என்று பெயர் சொல்லுவது என் பணி அல்ல. "நல்ல ஏரியா" என்று நாம் எதைச் சொல்லுகிறோம் என்பதை வேதத்தின் வெளிச்சத்தில் சோதித்துப் பார்க்கும்படி உங்களை அழைப்பதே என் பணி.

கண்கள் மட்டும் தெரிந்துகொண்ட இடம்

வேதத்தில் புறநகர் தேடிப் போன முதல் குடும்பத்தலைவன் லோத்து என்று சொல்லலாம். ஆபிரகாம் அவனுக்கு முதல் தெரிவை விட்டுக்கொடுத்தார். லோத்து கண்களை ஏறெடுத்தான்; யோர்தான் சமபூமி தோட்டம்போல நீர்வளம் நிறைந்திருப்பதைக் கண்டான்; தெரிந்துகொண்டான். அவன் கண்டது பொய்யல்ல. நிலம் மெய்யாகவே செழிப்பானதுதான். மந்தைக்கு மேய்ச்சல் உண்டா என்று பார்த்த அவன், தன் பிள்ளைகள் அங்கே எப்படிப்பட்டவர்களாக வளருவார்கள் என்று பார்த்ததாக வேதம் சொல்லவில்லை. முதலில் சோதோமுக்கு நேராகக் கூடாரம் போட்டவன், ஆறு அதிகாரங்களுக்குப் பின் சோதோமின் வாசலிலே உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டிய இரவில் அவனுடைய மருமக்கள் அவனைப் பரியாசக்காரனாக எண்ணினார்கள்.

லோத்து ஒரே நாளில் சோதோமியனாகிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கூடாரம் சற்று நெருங்கிச் சென்றது, அவ்வளவுதான். நாம் குடியிருக்கும் இடம் நம்மை மெல்ல மெல்ல உருவாக்குகிறது. ஆகவே இடம் தேடுவது பணத்தைப்பற்றிய காரியம் மட்டுமல்ல. அது ஆவிக்குரிய காரியமும்கூட.

சமபூமியில் தண்ணீர் எங்கே போகும்?

முதலாவது நிலத்தைப்பற்றிச் சொல்லுகிறேன். விசுவாசம் அஜாக்கிரதைக்கு மறுபெயர் அல்ல.

நம்முடையதும் ஒரு சமபூமி. கடல் மட்டத்தைவிட அதிகம் உயராத, சரிவு குறைந்த நிலம். மழைநீர் பக்கிள் ஓடை வழியாகவும் கோரம்பள்ளம் குளத்தின் உபரிநீர் ஓடை வழியாகவும் உப்பளங்களின் ஓரமாகக் கடலுக்குப் போயாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. முத்தம்மாள் காலனியிலும் ரஹ்மத் நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் மூடர்கள் அல்லர். அவர்களும் நம்மைப்போல் கோடைகாலத்தில் மனை பார்த்தவர்களே.

கன்மலையின்மேல் கட்டியவனையும் மணலின்மேல் கட்டியவனையும் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையைக் கவனியுங்கள். வெயில் நாளில் இரண்டு வீடுகளுக்கும் வித்தியாசமே தெரியாது. பெருமழையும் வெள்ளமும் காற்றும் வந்தபின்தான் தெரியும். ஆகவே மனையை மே மாதத்தில் பார்த்தால் நவம்பரில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். வாடைக் காற்று அடிக்கும்போதும் கச்சான் காற்று அடிக்கும்போதும் ஆலைகளின் புகை எத்திசையில் போகிறது என்று பாருங்கள். தரகரிடம் மட்டும் கேளாமல், அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "2023-ல் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது, ஐயா?" என்று கேளுங்கள். புலப்படத்திலும் கிராமக் கணக்கிலும் அந்த நிலம் அல்லது அதன் பக்கத்து நிலம் ஓடை, குளம், வாய்க்கால் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மனிதர் மண்ணடித்து மூடினாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

திறவாத சிப்பி

நம் முத்துக்குளித்துறையின் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குளித்து எடுத்த சிப்பிகளைக் கரையிலே திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் குளிப்பை அறிவிப்பதற்கு முன்பாகவே அரசு அதிகாரிகள் முத்துப்பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிடச் செய்வார்கள். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் திறவாத சிப்பியை வாங்கும் பழக்கம் மனைப்பிரிவுகளில் தொடர்கிறது! முன்பதிவுச் சலுகை இன்றோடு முடிகிறது என்று சொன்னால் உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எருசலேம் முற்றிக்கைப் போடப்பட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கும்படி கர்த்தரே சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளை வைக்கிறார், முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்துகிறார். கர்த்தர் சொல்லி வாங்கியவரே இவ்வளவு கவனமாக இருந்தார் என்றால், வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுவதை நாம் அவிசுவாசம் என்று சொல்லலாமா?

டிடிசிபி என்று நாம் அழைக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி உண்டா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தபோது, அத்தகைய மனைகளில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்த குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தன. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனாலும் அந்தத் தவிப்பு ஒரு பாடம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுங்கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-இல் ஆண்டவர் கற்பித்தார். மனை விலையோடு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என நூற்றுக்கு 9 ரூபாய் சேரும் என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். மாதத் தவணைக்காகத் தகப்பன் எல்லா இரவுகளிலும் கூடுதல் வேலை பார்த்து, பிள்ளைகளோடு குடும்ப ஜெபத்துக்கு உட்கார முடியாமல் போனால், அந்த வீடு யாருக்காக?

வீட்டில் மிகச் சிறியவரின் கண்களால்

குடும்பத்துக்கு ஏற்ற இடமா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. சம்பாதிக்கிறவரின் கண்களால் பாராமல், வீட்டிலுள்ள சிறு பிள்ளையின் கண்களாலும் வயதான தாயின் கண்களாலும் பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை கண்டெய்னர் லாரிகளும் உப்பு லாரிகளும் ஓடுகிற சாலையைக் கடந்தாக வேண்டுமா? டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு வரும் மகள் நடக்கும் தெருவில் விளக்கு எரிகிறதா? நெஞ்சு வலிக்கிறது என்று தாயார் நள்ளிரவில் சொன்னால் மருத்துவமனை எவ்வளவு தூரம்? நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊர் இது. மாநகராட்சிப் பகுதிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் வருகிறது. நீங்கள் பார்க்கும் மனை அந்தக் குழாய்க்கு உட்பட்டதா, அல்லது லாரித் தண்ணீரை நம்ப வேண்டுமா? மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லையேல் விழுகிறவனுடைய இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும் என்று உபாகமம் 22:8 எச்சரிக்கிறது. வீட்டின் பாதுகாப்பு தேவனுடைய பார்வையில் சின்னக் காரியம் அல்ல. என் கருத்து இது: தொலைவில் ஐந்து சென்ட் பெரிய வீட்டைவிட, பிள்ளை நடந்தே பள்ளிக்கும் ஓய்வுநாள் பாடசாலைக்கும் போய்வரக்கூடிய இடத்தில் இரண்டு சென்ட் சிறிய வீடு நல்லது.

இன்னும் ஒன்று. பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தசமபாகம் அறிந்த நமக்கு இது புரியாத கணக்கல்ல. அது பிள்ளைகள் விளையாடுவதற்கும் முதியோர் நடப்பதற்குமான பங்கு. அந்த இடம் வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா, தரையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே குடிபோன பின்பு, "பூங்கா இடத்தில் நமக்கு ஒரு ஜெப வீடு கட்டிக்கொள்ளலாம், ஐயா" என்று என்னிடம் வராதிருங்கள். பிறருடைய எல்லைக்குறியைத் தள்ளுவது பாவமானால், பிள்ளைகளுடைய பங்கைத் தள்ளுவதும் பாவமே. கூடி ஜெபிக்க ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளைப்போல உங்கள் வீட்டையே திறந்துகொடுங்கள்.

"நம்ம ஆட்கள் இருக்கிற தெரு"

இனிமேல் சொல்லப்போவது சிலருக்கு வருத்தமாயிருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனை பார்க்கப் போகும்போது நாம் கேட்கிற கேள்விகளில் ஒன்று எந்தப் படிவத்திலும் எழுதப்படுவதில்லை. "அங்கே யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறோம். குடிகாரர் தொல்லை உண்டா, திருட்டு உண்டா என்று அறிவது தவறல்ல. ஆனால் பல வேளைகளில் நாம் கேட்பது அதுவல்ல என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியைக் கேட்கிறோம். சொல்லுகிற வார்த்தை மட்டும் "நல்ல அக்கம்பக்கம்." "லோத்துகூட அயலாரால்தானே கெட்டான்" என்று வேதத்தையும் துணைக்கு அழைக்கிறோம்.

சோதோமின் அக்கிரமம் என்ன? எசேக்கியேல் 16:49 அதைப் பெயரிட்டுச் சொல்லுகிறது: அகந்தை, ஆகாரத் திரட்சி, நிர்விசாரமான சுகவாழ்வு, ஏழையின் கையைப் பலப்படுத்தாமை. இன்றைய தரகர் பார்த்தால் சோதோமை முதல்தர ஏரியா என்றுதான் விளம்பரம் செய்வார்! செழிப்பு இருந்தது, சுகம் இருந்தது, ஏழைக்கு நீட்டப்பட்ட கை மட்டும் இல்லை. அப்படியானால், வாயில்கதவு போட்டு, காவலாளியை நிறுத்தி, வேறு வகுப்பாருக்கு விற்பதில்லை என்று வாய்மொழியாகப் பேசிவைத்திருக்கும் ஒரு நகரைத் தேடிப் போகிறவர், லோத்துவின் கூடாரத்தை மறுபடியும் அதே திசையில் போடுகிறார்.

"நம் முன்னோரும் தனி ஊர் அமைத்தார்களே, ஐயா" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அமைத்தார்கள். 1799-இல் தாவீது சுந்தரானந்தம், விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார். அது விரட்டப்பட்டவர்களுக்கு அடைக்கலம். மற்றவர்களை விரட்டுவதற்கான மதில் அல்ல. மெஞ்ஞானபுரத்தை நினைத்துப் பாருங்கள். ஜான் தாமஸ் ஐயர் வந்தபோது அது காற்று மணலை வாரியடிக்கும் தேரிக்காடு. கிணறு வெட்டினார், மரம் நட்டார், பள்ளி எழுப்பினார். அவர் ஆயத்தமான நல்ல இடத்தைத் தேடிப் போகவில்லை. போன இடத்தை நல்ல இடமாக்கினார். நமக்குக் கிடைத்த சுதந்தரம் இதுதான்.

2023 வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுபோயிற்று. அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் ஊரே தண்ணீரில் இருந்தபோது, யார் என்ன சாதி, என்ன மதம் என்று விசாரியாமல் அன்னம் பரிமாறினார்கள். "எனக்குப் பிறன் யார்?" என்ற கேள்விக்கு ஆண்டவர் நல்ல சமாரியனைக் காட்டினார், நம் நாட்களில் புதுக்குடியையும் காட்டியிருக்கிறார். அண்டை வீட்டாரின் சாதிப்பெயர் அந்த இரவுகளில் யாரையும் காப்பாற்றவில்லை. சமீபத்திலுள்ள அயலார் தூரத்திலுள்ள சகோதரனைவிட நல்லவர் என்று நீதிமொழிகள் 27:10 போதிக்கிறதை நாம் கண்ணாரக் கண்டோம்.

வாங்க இயலாதவர்களுக்கு

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இதை வாசித்து மனம் சோர வேண்டாம். வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாம் கானானில் விலைகொடுத்து வாங்கியது, மனைவியை அடக்கம்பண்ண எப்ரோனிடம் 400 சேக்கலுக்குப் பெற்ற மக்பேலா நிலமே. மற்ற நாளெல்லாம் கூடாரத்தில் வாழ்ந்தார். ஆனால் அவருடைய கூடாரத்தின் வாசல் வழிப்போக்கருக்குத் திறந்திருந்தது. நகரவாசலில் இடம் பெற்ற லோத்துவைவிட, சொந்த நிலமில்லாத ஆபிரகாமே தன் வீட்டாரை நன்றாக வளர்த்தார்.

பிரியமானவர்களே, இந்த வாரம் மனை பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில், இந்த இடம் என் குடும்பத்துக்கு என்ன தரும் என்று எழுதுங்கள். மறுபக்கத்தில், என் குடும்பம் இந்தத் தெருவுக்கு என்ன தரும் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கம் வெறுமையாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரு வாரம் காத்திருந்து ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்கள் நடுவில் வந்து வாசம்பண்ணின ஆண்டவரே, வீடு தேடும் எங்கள் குடும்பங்களுக்குத் தெளிந்த புத்தியைத் தாரும். வெள்ளத்துக்கும் வஞ்சகத்துக்கும் கடனுக்கும் எங்களை விலக்கிக் காத்தருளும். அயலாரின் பெயரைக் கேட்கும் முன்னே அவர்களை நேசிக்கும் இருதயத்தைத் தாரும். நாங்கள் குடிபோகும் தெரு எங்களால் ஆசீர்வாதம் பெறட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.