மலையிலிருந்து உப்பளத்துக்கு

கோடை பிறந்துவிட்டால் சமவெளி மக்கள் நம் நீலகிரியை நோக்கி ஏறத் தொடங்குவார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்கு உதகைச் சாலைகளில் வண்டிகள் எறும்பு வரிசையாய் நிற்கும். குளிரைத் தேடி அவர்கள் மேலே வருகிறார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த மாணவர்களாகிய நாம் விடுமுறைக்கு எங்கே செல்வது? கடலைக் காணத்தான் நமக்கு ஆசை. கோவளம் என்பான் ஒருவன். கன்னியாகுமரி என்பான் இன்னொருவன். நான் சொல்வது வேதாரண்யம். அதிலும் ஏப்ரல் 30 அன்று! ஏன் என்பதைக் கூறவே இக்கட்டுரை.

விடுதலையைக் கொண்டாடுவது என்றால் நமக்கு ஆகஸ்டு 15 நினைவுக்கு வரும். கொடி ஏறும், மிட்டாய் கிடைக்கும், பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் தமிழகத்துக்கே உரிய விடுதலைத் திருநாள் ஒன்று கோடையில் இருக்கிறது. அண்ணல் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தது 1930 ஏப்ரல் 6. அதையொட்டி ஏப்ரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, இராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்டார்கள். சுமார் 150 மைல் வழி. ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்து இராஜாஜி கைதானார்.

தலைவர்களின் பெயர்களை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். என் நெஞ்சைத் தொட்டவர்களோ பாடநூலுக்கு வெளியே நிற்பவர்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று அன்றைய தஞ்சை ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தம் முன்னே அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கினார். அதற்காகச் சிறை சென்றார். உப்புப் போராட்டத்துக்கு ஊரில் துணை நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை தம் சொத்துகளை இழந்தார்.

சென்ற ஆண்டு நண்பர்கள் ஐவர் புறப்பட்டோம். கோவை வரை பேருந்து, திருச்சி வரை தொடர்வண்டி, மீண்டும் பேருந்து. ஆண்டுதோறும் திருச்சியிலிருந்து வரும் நினைவு யாத்திரைக் குழுவினரோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அகத்தியம்பள்ளி நினைவுத் தூண் வரை நடந்தோம். ஆளுக்கு ஒரு பிடி உப்பு அள்ளினோம். மாலையில் கோடியக்கரையில் வெளிமான்களைக் கண்டோம். இரவு அறைக்குத் திரும்பி, எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்தோம். இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும்?

புறப்படுமுன் நெல்லியாளத்தில் ஒரு பெரியவர் எங்களை மடக்கினார். "தம்பி, அந்தப் போராட்டம் நடந்தப்போ நம்ம சனம் சிலோன்ல கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் நமக்கும் என்னப்பா?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களைக் கணக்கிட்டுப் பங்கு பிரித்தது. என் தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, இம்மலையின் டேன்டீ தோட்டத்துக்கு வந்தவர்கள். இந்தியர் என்பதற்கு எங்கள் வீட்டில் சான்று, பெட்டியில் இருக்கும் ஒரு பழைய பாஸ்போர்ட். பேரனாகிய என்னையும் "சிலோன்காரன்" என்பவர் இன்றும் உண்டு.

பெரியவருக்கு என் விடை இதுதான். நாட்டுப்பற்று பிறப்புச் சான்றிதழில் எழுதப்படுவது என்றால் எங்களுக்கு அதில் பங்கு குறைவுதான். ஆனால் மரக்கிளையில் சோறு கட்டியவர், அதை உண்ணப்போகிறவன் எந்த ஊரான் என்று கேட்கவில்லை. நாடு என்பது அந்தச் சோறு. பசித்தவனுக்காக ஆணையை மீறும் துணிவு எங்கே இருக்கிறதோ, அங்கே எல்லாருக்கும் இடமுண்டு, எங்களுக்கும் உண்டு!

உப்பு எங்களுக்கு அயலான பொருளும் அன்று. மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளுக்கிடையே அட்டை மொய்க்கும். அப்பாயி சிறு துணியில் உப்பை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் மலைக்குப் போவார். அந்த உப்பு விளையும் மண்ணை மறுநாள் காலை கண்ணாரக் கண்டோம். வெண்மை கண்ணைக் கூசும் என்பதால் விடியுமுன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். உப்பு நீரில் நின்று நின்று பாதங்கள் வெடித்திருக்கின்றன. ஐப்பசி மழை வந்தால் வேலையே இல்லை. மழை நம் தொழிலாளிக்கு அட்டையைத் தருகிறது. அவர்களுக்குப் பட்டினியைத் தருகிறது. அன்று மே தினம்! உப்புக்கு விதித்த வரி 1947-இல் ஒழிந்தது. உப்பு வாருவோரின் துன்பம் ஒழியவில்லை. ஏப்ரல் 30-ஐக் கொண்டாடுகிறவன் மே 1-ஐயும் அங்கேயே தங்கிக் காண வேண்டும் என்பது என் துணிபு.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் இருபது மாணவர்களையேனும் வேதாரண்ய நடைக்கு அனுப்புங்கள். ஒரு பகல் உப்பளத் தொழிலாளரோடு இருக்கச் செய்யுங்கள். அப்பகுதி மாணவர்களை இங்கு அழைத்து, நம் லயங்களில் தங்கவைத்துக் கொழுந்து பறிக்கும் மலையைக் காட்டுவோம். தேநீர் நாம் தருவோம், உப்பு அவர்கள் கொண்டு வரட்டும்!